இரண்டு வாளிகளும் ஒரு சைக்கிளும்

என் மகளுடைய மாமியார் ஜேர்மனியிலிருந்து எங்கள் ஊருக்கு வந்துபோன செய்தி பலர் வாயில் பலவிதமாக உலவுகிறது. அவர் வந்த முதல் நாளே கோபித்துக்கொண்டு எழுந்தார் என்று சொல்வோர் உண்டு. பந்தலில் இருந்த பித்தளைச் செம்பைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார் என்று சிரிப்போரும் உண்டு. செம்பைத் தூக்கியது உண்மை. மற்றவை உண்மையல்ல. அன்று அவருக்கும் ஊருக்கும் நடுவே நின்று மொழிபெயர்த்தவன் நான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கும் தகுதியும் கடமையும் எனக்கே உண்டு எனக் கருதுகிறேன்.

எங்கள் ஊர் ஆரையம்பதிக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் நிலத்தில் இருக்கிறது. இங்கே வீடு பெண்ணுக்கு உரியது. மணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேறுவான். அவனுடைய தாய் ஒரு நாள் வந்து, வாசலில் கால் கழுவி, உள்ளே அமர்ந்து வெற்றிலை வாங்கிக்கொண்டால்தான் சம்பந்தம் நிறைவு பெற்றதாக ஊர் ஒப்புக்கொள்ளும். என் மகள் மேற்படிப்புக்காக ஜேர்மனிக்குச் சென்று, அங்கேயே வேலை பெற்று, உடன் பணிபுரிந்த ஒருவரை மணந்தாள். அவளுக்கென்று நான் கட்டிய வீடு பூட்டிக் கிடந்தது. ஓய்வு பெற்ற உதவி அதிபர் என்ற மரியாதையினால் என் முகத்துக்கு நேரே எவரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் சந்தையில் என் மனைவியின் காதில் விழும்படி ஒருத்தி சொன்னாளாம்.

"வெள்ளைக்காரன் இண்டைக்கு இருப்பான், நாளைக்குப் போவான். அவன்ட தாயாவது ஒருக்கா வந்து வீட்டைப் பாத்தவவா?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இருக்கவில்லை. போர் முடிந்து, பாதைகள் திறந்து, சில ஆண்டுகள் கழிந்த பின்னரே விடை வந்தது. எண்பதை எட்டிக்கொண்டிருந்த அந்த அம்மையார் மகனோடும் மருமகளோடும் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். என் மகளின் இல்லறத்துக்கு ஊர் அளிக்கவேண்டிய அங்கீகாரம் அந்த ஒரு நாளில் தங்கியிருந்தது. அது பிசகினால் அவள் இனித் தன் சொந்த வீட்டு வாசலில் தலைநிமிர்ந்து நிற்கமுடியாது. நான் இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எங்கள் ஊரை அறிந்தவர் அறிவர்.

வளவில் பந்தல் போட்டோம். கதிரைகள் காத்தான்குடியிலிருந்து வந்தன. வாசலில் கால் கழுவுவதற்கான செம்பு நிறையத் தண்ணீரும், பக்கத்திலே வெற்றிலை அடுக்கிய பித்தளை வட்டாவும் வைக்கப்பட்டன. விருந்தினரை வரவேற்கும் உரிமை யாருக்கு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எங்கள் மரபில் மணமகளின் தந்தைக்கு முன்னே அவளுடைய தாய்மாமனே நிற்பார். அதாவது என் மனைவியின் தமையன், என் மைத்துனர். அவர் எங்கள் கோயிலின் வண்ணக்கருங்கூட. கோயிலை நிருவகிக்கும் பொறுப்பாளரை நாங்கள் அப்படித்தான் அழைக்கிறோம். ஒவ்வொரு குடிக்கும் ஒரு வண்ணக்கர் உண்டு. குடி என்பது தாய்வழியாக வரும் வம்சம். என் பிள்ளைகள் என் குடியைச் சேர்ந்தவர்களல்லர், என் மனைவியும் மைத்துனரும் பிறந்த குடியைச் சேர்ந்தவர்கள்.

மைத்துனரைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. போர்க்காலத்தில் அவர் கூட்டுறவுச் சங்கக் கடையின் முகாமையாளர். கடைக்குப் போகும் பிரதான வீதியில் படையினரின் காவலரண் ஒன்று இருந்தது. சைக்கிளில் வருகிறவர் யாராயினும் அதற்கு முன்னே இறங்கவேண்டும். குடையை மடக்கவேண்டும். தொப்பியைக் கழற்றவேண்டும். சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து கடந்த பின்னரே மறுபடி ஏறலாம். நாங்கள் அனைவரும் இறங்கினோம், நடந்தோம், ஏறினோம். என் மைத்துனர் மட்டும் ஏறுவதையே நிறுத்திவிட்டார். தம் வீட்டுப் படலையிலிருந்து கடை வரைக்கும், மாலையில் கடையிலிருந்து படலை வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார். ஏறாதவனை இறங்கு என்று சொல்ல யாராலும் முடியாது என்பது அவர் கணக்கு. அதை அவர் என்னைத் தவிர எவரிடமும் விளக்கவில்லை. சந்தியில் நிற்பவர்கள் அவரைக் கண்டதும், "வண்ணக்கர் சைக்கிளை மேய்க்கக் கொண்டுபோறார், வழிய விடுங்க" என்பார்கள். அவர் திரும்பியும் பார்க்கமாட்டார்.

காவலரணில் இருந்த ஒரு சிப்பாய்க்கு ஐயம் எழுந்தது. இந்த மனிதர் ஏன் ஒருபோதும் சைக்கிளில் வருவதில்லை? மறித்துக் கேட்டபோது, டயரில் காற்று நிற்பதில்லை என்று மைத்துனர் பதில் சொன்னார். சிப்பாய் குனிந்து டயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தான். அது கல்லைப்போல இறுகியிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன்பின் அவன் போகும்படி கையசைத்தான். என்ன எண்ணினான் என்று எவருக்கும் தெரியாது. போர் முடிந்து காவலரணை அகற்றிய காலையில் மைத்துனர் தம் படலையிலேயே சைக்கிளில் ஏறி, எங்கள் வீட்டு வாசல்வரை மணியடித்துக்கொண்டு வந்து, தேநீர் கேட்டார்.

இத்தகையவர்தான் அன்று, நான் கனவிலும் எதிர்பாராத பிழையொன்றைச் செய்தார்.

அதற்குக் காரணம் உண்டு. நான் உயர்வகுப்புகளுக்கு ஐரோப்பிய வரலாறு கற்பித்தவன். ஒப்பந்தங்களையும் படையெடுப்புகளையும் எல்லைக் கோடுகளையும் என் மாணவர் தவறின்றி எழுதித் தேறினர். ஆனால் பாடசாலை மதிலுக்கு வெளியே, ஜேர்மனியைப் போருக்குள் இட்டுச்சென்ற அந்தச் சர்வாதிகாரியைப் பற்றி எங்கள் பகுதியில் நிலவிய அறிவு ஒரே ஒரு வாக்கியந்தான்: எங்களை ஆண்ட ஆங்கிலேயரை நடுங்கவைத்தவன். அவ்வளவே. அவன் தன் நாட்டு மக்களை என்ன செய்தான், அயலவரை என்ன செய்தான் என்பவை சந்திக்கடைப் பேச்சில் இடம்பெறுவதில்லை. ஜேர்மனியர் ஒருவரைக் கண்டால் அவன் பெயரைச் சொல்வது உபசாரம் என்றே பலர் நம்பினர்.

வாகனம் வந்து நின்றது. மேளம் ஒலித்தது. மருமகன் கைகொடுத்து இறக்க, அம்மையார் நிமிர்ந்த உடலோடு இறங்கினார். வெண்ணிறக் கூந்தல், சாம்பல் நிறச் சட்டை, தட்டையான சப்பாத்து. என் மனைவி ஆலாத்தி எடுத்தாள். பெண்கள் குரவையிட்டனர். அம்மையார் எல்லாவற்றையும் தலையசைத்து ஏற்றுக்கொண்டு, செம்பு வைத்திருந்த வாசற்படியருகே வந்து நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் இளவயதில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில், பிரித்தானியப் படைமுகாம் ஒன்றில் தட்டச்சாளராகப் பணிபுரிந்தவர். அவருடைய ஆங்கிலம் குறையற்றது. மொழிபெயர்ப்பது என் பொறுப்பு என்று முன்னரே முடிவாகியிருந்தது.

மைத்துனர் சால்வையைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்தார். சம்பந்தி அம்மாவை வரவேற்பதாகத் தொடங்கினார். அதுவரை யாவும் நன்றாகவே சென்றன. பிறகு, உலகத்தையே ஒரு கை பார்த்த வீரனுடைய மண்ணிலிருந்து வந்தவர் என்று சொல்லி அந்தப் பெயரையும் சொன்னார். நான் இங்கே எழுத விரும்பாத பெயர் அது. பெயருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அம்மையாரின் முகத்தில் இருந்த சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. மைத்துனர் அதைக் கவனித்திருந்தால் அவ்வளவோடு முடிந்திருக்கும். அவரோ, அந்த நாட்டு முறைப்படியே மரியாதை செய்ய எண்ணி, குதிகால்களைச் சேர்த்து, வலக்கையை நேரே முன்னால் நீட்டி உயர்த்தினார். ஏதோ திரைப்படத்தில் கண்டதாம். பின்னால் நின்றவர்களுள் சிலர் கைதட்டினர்.

மருமகனின் முகம் சிவந்தது. மகள் என் தோளைப் பற்றினாள். அம்மையார் குனிந்தார். இடக்கையால் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினார். வலக்கையால் வெற்றிலை வட்டாவைத் தூக்கினார். இரண்டையும் இரு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு, மைத்துனரின் கண்களை நேரே பார்த்தபடி நிமிர்ந்து நின்றார். செம்பிலிருந்து தண்ணீர் சிந்தி அவருடைய சப்பாத்தை நனைத்தது. மேளகாரர் தாமாகவே நிறுத்திவிட்டனர்.

மைத்துனரின் கை இன்னும் இறங்கவில்லை. அப்படியே நின்றுகொண்டு கடைக்கண்ணால் என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

"என்ன மச்சான், போகப் போறாவா?"

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "செம்பையுமெல்லோ எடுத்திட்டா" என்றாள். சிரிப்பு ஒன்று எழுந்து அடங்கியது.

அம்மையார் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். என் கைகள் ஏன் நிறைந்திருக்கின்றன என்பதை இந்தப் பெரியவருக்குச் சொல்லுங்கள், நான் சொல்வதைச் சொல்கிறபடியே சொல்லுங்கள் என்றார். என் மகள் என் காதருகே குனிந்தாள்.

"அப்பா, மாமா பாவம். இவ்வளவு சனத்துக்கு முன்னால. கொஞ்சம் மாத்திச் சொல்லுங்க."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இனிப்பான நாலு வார்த்தையை நானே புனைந்து சொல்லியிருந்தால் மைத்துனரின் மானமும் அந்த நாளும் தப்பியிருக்கும். ஆனால் மொழிபெயர்ப்பு விடயத்தில் எனக்கு ஒரு ஒழுக்கம் உண்டு. போர்க்காலத்தில், ஆங்கிலம் அறிந்தவன் என்பதனால், அதிகாரிகளுக்கும் ஊராருக்கும் நடுவே என்னைப் பலமுறை நிறுத்தினர். வாவியில் வலை வீசத் தடை விதித்திருந்த காலத்தில் மீனவர் ஒருவர் அதிகாரியைப் பார்த்து, "எங்களப் போகவிடாட்டி எங்கட புள்ளைகளுக்கு நீ சோறு போடு" என்றார். அருகில் நின்றவர்கள் என் கையைக் கிள்ளினர். நான் அதை ஒரு சொல்லும் மென்மையாக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி, பகலில் மட்டும் போகலாம் என்றார். இரு தரப்புத் துப்பாக்கிகளுக்கும் நடுவே வாழ்ந்த காலத்தில் என் பேரில் எவரும், இவன் மாற்றிச் சொன்னான் என்று குறை கூறியதில்லை. அந்த நற்பெயரை என் சொந்த வாசலில், என் சொந்தச் சம்பந்திக்கு முன்னே இழக்க நான் ஆயத்தமாக இருக்கவில்லை. மகளிடம், சொன்னதைத்தான் சொல்வேன் என்றேன். சபையை நோக்கித் திரும்பினேன்.

அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். நானும் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன்.

"நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊரில் எல்லோரும் கையை இப்படி உயர்த்தவேண்டும். கடைக்குள் நுழைந்தால் உயர்த்தவேண்டும். தபாற்காரரைக் கண்டால் உயர்த்தவேண்டும். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு தையற்காரரும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். அந்தப் பெண்தான் என் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துத் தருவாள். உன் தாய் யார், உன் பாட்டி யார் என்று அரசு எல்லோரையும் கேட்டது. அவர்கள் யூதர்கள். ஒரு காலையில் அவர்களைக் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. வீதியில் நின்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே, கொண்டுபோனவர்களுக்குக் கையை உயர்த்தினார்கள்."

 மைத்துனரின் கை எப்போது இறங்கியது என்பதை நான் கவனிக்கவில்லை.

"என் தாயால் அவர்களைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் வாசலைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டே போனார். ஒன்று பாலுக்கு, ஒன்று கிழங்குக்கு என்று சொல்வார். கடைக்குப் போகும்போதும் வாளி. தேவாலயத்துக்குப் போகும்போதும் வாளி. இரண்டு கையும் நிறைந்தவளிடம் கையை உயர்த்து என்று யாரும் சொல்லமுடியாது. எங்கள் தெருவைக் கண்காணிக்க ஒருவர் இருந்தார். யார் கொடி கட்டவில்லை, யார் கை உயர்த்தவில்லை என்று பார்ப்பது அவர் வேலை. அவருக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நாள் என் தாயை மறித்து, வாளிகளின் மூடிகளைத் திறந்து பார்த்தார். இரண்டும் வெறுமையாக இருந்தன."

இதைத் தமிழில் சொல்லி முடித்தபோதுதான் நான் மைத்துனரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். சபையில் யாரும் வாய் திறக்குமுன் அவர் சொன்னார்.

"டயர அமத்திப் பாத்த மாதிரி."

 பந்தல் முழுவதும் ஒரு முணுமுணுப்பு ஓடியது. சைக்கிளை மேய்ப்பதாகக் கேலி செய்தவர்களுள் பலர் அங்கேதான் அமர்ந்திருந்தனர். அத்தனை ஆண்டுகளாக அவர் ஏன் உருட்டினார் என்பது அவர்களுக்கு இப்போதுதான் விளங்கிற்று. அதற்கு ஜேர்மன் அம்மையார் ஒருவர் வந்து தம் தாயின் கதையைச் சொல்லவேண்டியிருந்தது.

மைத்துனர் என்ன சொன்னார் என்று அம்மையார் கேட்டார். இப்போது நான் மறுதிசையில் மொழிபெயர்த்தேன். காவலரணையும், சைக்கிளையும், சிப்பாயின் பெருவிரலையும் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். பாடசாலையில் நான் நடத்திய எந்தப் பாடத்தையும் அவ்வளவு பெருமிதத்தோடு நடத்தியதில்லை. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, டயரில் காற்று இருந்தது தெரிந்தும் சிப்பாய் ஏன் விட்டான் என்று வினவினார். தெரியாது என்றேன். என் தாயை அந்தத் தெருக் கண்காணிப்பாளர் விடவில்லை என்றார். தாயை அழைத்துச் சென்று விசாரித்தார்கள், அதன்பின் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்த்தினார்கள், வெடிமருந்து பட்டு விரல்கள் மஞ்சளாகித் திரும்பி வந்தார், ஆயினும் வாளிகளைத் தூக்குவதை விடவில்லை என்றும் சொன்னார்.

"இன்னொன்றையும் சொல்லுங்கள்" என்றார். "என் தந்தை கையை உயர்த்தியவர். சீருடை அணிந்து போர்முனைக்குச் சென்றார், அங்கேயே இறந்தார். நான் அவருக்கும் மகள்தான். அதையும் இவர்கள் தெரிந்துகொள்ளட்டும்."

அதையும் சொன்னேன். தம் குடும்பத்துக் குறையை அயல்நாட்டுச் சபையில், கேட்காமலே எடுத்துவைக்கும் ஒருவரை நான் முன்னர் கண்டதில்லை. கௌரவத்தைக் காப்பதே வாழ்நாள் முயற்சியாகக் கொண்ட எனக்கு, அது கௌரவத்தின் வேறொரு வடிவமாகத் தோன்றிற்று.

மைத்துனர் முன்னே வந்தார்.   அம்மையாரின் இடக்கையிலிருந்து செம்பைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். சம்பந்தி வீட்டாரின் காலுக்குத் தண்ணீர் ஊற்றுவது இளையவர்களின் வேலை. வண்ணக்கருக்கு உரியதன்று. அவர் சால்வையை இடுப்பில் கட்டி, குனிந்து, தாமே ஊற்றினார். அதற்கு முன்னரே மகள் ஓடிவந்து அம்மையாரின் சப்பாத்தைக் கழற்றியிருந்தாள்.

அம்மையார் வட்டாவை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, வெறுமையான கைகள் இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டார். இந்த நாட்டில் வணக்கம் சொல்ல இரண்டு கைகளும் வேண்டியிருக்கின்றன, என் தாய்க்கு இது பிடித்திருக்கும் என்றார். வீட்டுக்குள் சென்றார். அமர்ந்தார். வெற்றிலை வாங்கிக்கொண்டார். சந்தையில் கேள்வி கேட்ட பெண்ணும் வந்திருந்தாள் என்பதை என் மனைவி பின்னர் சொன்னாள். வந்தது மட்டுமன்றி, அம்மையாருக்கு விசிறிக்கொண்டும் இருந்தாளாம்.

அன்று மாலை, சாப்பாட்டுக்குப் பின், மைத்துனர் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தார். எங்கள் குடியின் திருவிழா அந்த வாரத்திலேயே வந்தது. அம்மையாரைக் கோயிலுக்கு அழைக்கவேண்டும். அழைத்தால் எந்த வரிசையில் நிறுத்துவது? எங்கள் கோயிலில் நிற்கும் இடமும் பெறும் மரியாதையும் குடியைப் பொறுத்தவை.

"மச்சான், அவட தாய்வழி என்னெண்டு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

நான் கேட்டேன். அம்மையாரின் விரல்கள் தேநீர்க் கோப்பையில் இறுகின. எதற்காகக் கேட்கிறார்கள் என்று மகளிடம் ஜேர்மன் மொழியில் வினவினார். பிறகு என்னிடம், என் ஊரில் இந்தக் கேள்விதான் தையற்காரரின் மனைவியைக் கொண்டுபோயிற்று என்றார். நான் அதை மைத்துனருக்குச் சொன்னேன். அவர் யோசித்தார். நாங்கள் ஒருவரை வெளியே தள்ளுவதற்காகக் கேட்பதில்லை, நிற்க இடம் கொடுப்பதற்காகவே கேட்கிறோம் என்று சொல்லும்படி என்னிடம் கூறினார். கூறிவிட்டு, தாமே தம்மைத் திருத்திக்கொண்டார்.

"எல்லாருக்கும் இடம் குடுத்தமெண்டு பொய் சொல்லாதீங்க. குடுக்காத ஆக்களும் இருக்கு. அதையும் சொல்லுங்க."

சொன்னேன். அம்மையார் அவரை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கியது அந்தக் கணத்திலிருந்துதான் என எண்ணுகிறேன். தந்தையின் வழி கணக்கில் வராதா என்று கேட்டார். வராது, தாயின் வழி மட்டுமே என்றேன்.

"அப்படியானால் உங்கள் ஊர்க் கணக்கில் நான் பாக்கியசாலி" என்றார்.

திருவிழாவன்று பூசை முடிந்தபின் வண்ணக்கர்மாருக்குக் காளாஞ்சி வழங்கப்பட்டது. பழமும் பாக்கும் வெற்றிலையும் பூவும் வைத்த தட்டம் அது. எங்கள் பகுதியில் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. அதன் வரிசை பிசகியதற்காக நீதிமன்றம் சென்ற குடிகளும் உண்டு. எங்கள் குடிக்குரிய தட்டத்தை மைத்துனர் முறைப்படி வாங்கினார். வழக்கமாக அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டு தம் வீட்டுக்குக் கொண்டுபோவார். பெற்ற காளாஞ்சியை விரும்பியவருக்குக் கொடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் அவர் அதுவரை எவருக்கும் கொடுத்ததில்லை. அன்று தட்டத்தோடு திரும்பி, பெண்கள் நிற்கும் பக்கம் நடந்தார். என் மகளுக்கு அருகே, அவள் உடுத்திவிட்ட சேலையில் நின்றிருந்த அம்மையாருக்கு முன்னே போய் நின்றார்.

மற்றொரு குடியின் வண்ணக்கர் இதைப் பொறுக்கவில்லை. அவர் எங்கள் பந்தலுக்கு வராதவர்.

"வண்ணக்கர், நில்லுங்க. வெள்ளைக்கார மனிசிக்குக் காளாஞ்சியா? அவ என்ன குடி?"

 என் மகள் தலை குனிந்தாள். இந்தக் கேள்விக்கு விடை இல்லாமற்போனால், வீட்டு வாசலில் கிடைத்தது கோயில் வாசலில் பறிபோய்விடும் என்பதை அவளும் அறிவாள், நானும் அறிவேன். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மைத்துனர் திரும்பாமலே விடை சொன்னார்.

"இரண்டு வாளி தூக்கின மனிசிட குடி. ஒரு நாட்டையே எதிர்த்துத் தூக்கினவ. தாயைக் கொண்டுதானே நாம கணக்குப் பாக்கிற? உங்கட குடியில அப்படி ஒரு தாய் இருந்தாக் கூட்டிவாங்க, அவக்கும் குடுப்பம்."

 பந்தலுக்கு வந்திருந்தவர்கள் வராதவர்களுக்குத் தாழ்ந்த குரலில் வாளிக் கதையைச் சொல்லத் தொடங்கினர். கேட்ட வண்ணக்கரின் மனைவியே அவர் காதில் எதையோ சொன்னாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சரி, நடக்கட்டும் என்று கையசைத்தார்.

அம்மையார் என்னைப் பார்த்தார். நான் கேள்வியையும் விடையையும் ஒரு சொல்லும் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவருடைய கண்கள் கலங்கின. ஆயினும் நிமிர்வு கலையவில்லை. இரண்டு கைகளையும் நீட்டித் தட்டத்தை வாங்கிக்கொண்டார். என் மகள் தலையை நிமிர்த்தியிருந்தாள். அந்த நிமிர்வை ஊர் முழுவதும் கண்டது. அதற்கு மேல் எனக்கு வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

வீடு திரும்பும்போது வாகனம் வேண்டாம், நடந்தே வருகிறேன் என்றார் அம்மையார். தட்டத்தை மகளும் மருமகனும் மாறி மாறிக் கேட்டும் கொடுக்கவில்லை. வாவிப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. மைத்துனரின் சைக்கிள் கோயில் மதிலோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அவர் அதை எடுத்தார். ஏறவில்லை. அம்மையாருக்குப் பக்கத்தில், அவருடைய நடைக்கு ஏற்ப, உருட்டிக்கொண்டே வந்தார். காவலரண் இருந்த இடத்தில் இப்போது இளநீர்க் கடை ஒன்று இருக்கிறது. அதைக் கடந்தபோது சந்தியில் நின்றவர்களுள் ஒருவர் குரல் கொடுத்தார்.

"வண்ணக்கர் திரும்பவும் மேய்க்கத் தொடங்கிட்டார். வழிய விடுங்க."

இந்த முறை மைத்துனர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அம்மையார், அந்த மனிதர் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்.